வின்சன்டுக்கு ஒருவருமில்லை என்பதற்கு நாற்பத்து மூன்று சாட்சிகள்

முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோர்களில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். படிவங்களைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை. ஒரு கிழவரிடம் அவர் உயிரோடு இருப்பதற்கான அத்தாட்சியை நேரில் கொண்டுவந்து தரும்படி கேட்டு, அவர் நேரில் வந்தபோது அத்தாட்சி போதாது என்று திருப்பி அனுப்பிய கந்தோரிலும் வேலை செய்திருக்கிறேன். ஆனால் மன்னார்க் கரையிலுள்ள எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் என் பக்கத்து வளவுக்காரன் வின்சன்ட் கொண்டுவந்து நீட்டிய படிவத்தைப் பார்த்தபோது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசிக்க வேண்டியிருந்தது.

முதலாவது கேள்வி, முற்பிறவியில் உங்கள் தொழில் என்ன. இரண்டாவது, நீங்கள் இவ்வுலகுக்கு வந்து சேர்ந்த விதம்: லொறி மோதி, இடி விழுந்து, அழைக்கப்பட்டு, வேறு. மூன்றாவது, உங்கள் மாய ஆற்றல். நான்காவது, உங்கள் தோழர்கள் எத்தனை பேர், அவர்களில் உங்களுக்காக உயிரைக் கொடுக்கக்கூடியவர்கள் எத்தனை பேர். அடியில் கிராம சேவகரின் ஒப்பத்துக்கு வழக்கம்போல் ஒரு கோடு.

"அண்ணை, இது படகுக்குத்தானே?" என்று வின்சன்ட் கேட்டான்.

"மேல படகெண்டுதான் போட்டிருக்கு."

"அப்ப சரி, நிரப்புங்கோ."

கார்த்திகைப் புயலில் அவனுடைய படகு இரண்டாகப் பிளந்து போனது. எஞ்சின் எங்கே கிடக்கிறது என்று கடலுக்குத்தான் தெரியும். பதினாலு வயதில் அடுத்தவன் படகில் கூலியாக ஏறியவன் அவன். தனக்கென்று ஒரு படகு வாங்க அவனுக்குப் பத்தொன்பது வருடம் பிடித்தது. இப்போது ஐம்பத்திரண்டு வயது. "பட்டினி கிடந்தாலும் திரும்பக் கூலிக்கு ஏறமாட்டன்" என்று புயலுக்கு மறுநாளே கரையில் நின்று சொன்னான். பட்டினி கிடக்க நாங்கள் விடவில்லை. அன்றிலிருந்து கரைக்கு வருகிற ஒவ்வொரு படகும் வின்சன்ட் வீட்டுக்கென்று ஒரு கை மீனை எடுத்து வைத்தது. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. எங்கள் கரையில் அது அப்படித்தான்.

இந்த நிலையில்தான் கரையோர மீளெழுச்சி அதிகாரசபை என்று ஒன்று புதிதாக முளைத்து, எங்கள் கரைக்கு ஒரு படகும் எஞ்சினும் ஒதுக்கியிருப்பதாக அறிவித்தது. ஒரே ஒரு படகு. யாருக்கு என்பதை விஞ்ஞான முறைப்படி தீர்மானிப்பார்களாம்.

படிவம் விளங்கிய ஒரே ஆள் வின்சன்டின் மகள் யசிந்தா. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவள். பொழுது முழுக்க ஃபோனில் ஜப்பான் கார்ட்டூன் பார்க்கிறாள் என்று தாயிடம் தினமும் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தவள், படிவத்தைப் பார்த்ததும் துள்ளி எழும்பினாள்.

"ஐயோ அப்பா, இது இசெகாய்!"

"என்ன காய்?"

"வேற்றுலகக் கதை அப்பா. ஒரு சாதாரண ஆள் லொறியில அடிபட்டுச் சாவான். கண்ணை முழிச்சுப் பாத்தா வேற உலகத்தில கிடப்பான். அங்க அவனுக்கு ஒண்டுமே இருக்காது. பிறகு ஒண்டில் மாய சக்தி வரும், இல்லாட்டிச் சிநேகிதர் வருவினம். சக்தி மட்டும் கிடைச்சவன் பேயரசனை ஒத்தைக் கையால கொல்லுவான், ஆனா இரவைக்குச் சாப்பிடக்குள்ள பக்கத்தில ஆரும் இருக்காயினம். சிநேகிதர் கிடைச்சவனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தக்கூட மந்திரம் வராது, ஆனா அவன் விழுந்தாத் தூக்க ஏழு பேர் வருவினம். ரெண்டு பேரில ஆர் பெரிசெண்டுதான் நாங்கள் எல்லாரும் சண்டை பிடிக்கிறனாங்கள்."

"ஆரோட?"

"இன்ரநெற்றில."

வின்சன்ட் என்னைப் பார்த்தான். நான் படிவத்தைப் பார்த்தேன். முற்பிறவித் தொழில் என்ற இடத்தில் "மீன்பிடி" என்று எழுதினேன். இப்பிறவியிலும் அதுதான் என்பதால் பிழை வராது என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை பாடசாலை மண்டபத்தில் விளக்கக் கூட்டம். அதிகாரசபையின் பணிப்பாளர் பரமநாதன் குளிரூட்டிய ஜீப்பில் வந்து இறங்கினார். ஜப்பானில் இரண்டு கிழமை பயிற்சி பெற்றவர். பயிற்சியில் என்ன படித்தார் என்பது தெரியாது. திரும்பி வரும்போது விமானத்தில் ஒன்பது மணித்தியாலம் என்ன பார்த்தார் என்பது அன்று எங்களுக்குத் தெரியவந்தது.

"அன்பான கரையோர மக்களே," என்று தொடங்கினார். "புயலில் யாவற்றையும் இழந்தவனும் வேற்றுலகில் விழுந்தவனும் ஒன்றே. இருவரும் வெறுங்கையோடு கண் விழிக்கிறார்கள். ஆகவே இருவரையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம் என்று நான் கண்டுபிடித்தேன். இதற்கு முன்னர் உத்தியோகத்தர்கள் உங்கள் வீடுகளுக்கு வந்து, உங்கள் முகங்களைப் பார்த்து, உங்கள் கஷ்டங்களைக் கேட்டு உதவி வழங்கினார்கள். அதில் பெரும் குறைபாடு இருந்தது. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடுகிறது."

திரையில் மூன்று பாத்திரங்களின் படம் விழுந்தது. கெண்டாரோ: மாய ஆற்றல் எண்ணாயிரத்து நானூறு, சமூகப் பிணைப்பு பூச்சியம். கடலையே பிளந்து நடக்கக்கூடியவன் என்பதால் அவனுக்குப் படகு தேவையில்லை. ஒசாமு: வேற்றுலகில் குதிரையாகப் பிறந்த வங்கி உத்தியோகத்தன். ஆற்றல் மூன்று, பிணைப்பு தொண்ணூற்றொன்று. தோழர்களே அவனைச் சுமந்து செல்வார்கள் என்பதால் அவனுக்கும் படகு தேவையில்லை. மூன்றாவது மினோரி என்று ஒரு பெண். சத்திரத்தில் பாத்திரம் கழுவுகிறவள். ஆற்றல் பதினொன்று, பிணைப்பு ஒன்பது.

"இரண்டிலும் இருபதுக்குக் கீழ்! மினோரியே எமது இலட்சியப் பயனாளி," என்றார் பணிப்பாளர்.

யசிந்தா கை உயர்த்தினாள். "சேர், மினோரி ரெண்டாவது பாகத்திலயே செத்துப்போயிடுவா."

"அறிவோம். ஆகவேதான் அவருடைய கோப்பு இத்தனை ஒழுங்காக இருக்கிறது."

யாரோ கை தட்டினார்கள். கூட்டமென்றால் ஓரிடத்தில் கை தட்ட வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் பழக்கம். அவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மாய ஆற்றல் பரிசோதனைக்கு வின்சன்டை மன்னார் நகரத்திலுள்ள அவர்களின் கந்தோருக்கு நான்தான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனேன். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த நுஹா என்ற இளம் உத்தியோகத்தர் மேசையில் ஒரு கண்ணாடி உருண்டையோடு இருந்தார். கேள்விப்பத்திரம் கோரி, மூன்று வியாபாரிகளிடம் விலை பெற்று வாங்கிய மாயப் பளிங்கு. கையை வைத்தால் உள்ளேயிருக்கும் சக்தியை அளந்து நீல வெளிச்சம் காட்டுமாம்.

வின்சன்ட் கையை வைத்தான். உருண்டை தீபாவளி மாதிரி எரிந்தது. நாற்பத்தாறு.

"இது ஈரத்துக்கும் உப்புக்கும் எரியுது அங்கிள்," என்று நுஹா மெதுவாகச் சொன்னார். "எழுதிக் குடுத்திருக்கிறன். பதில் வரேல்ல. அந்தப் பைப்பில சோப் போட்டுக் கழுவிப்போட்டு வாங்கோ."

முப்பத்தெட்டு வருட உப்பு ஒரு கட்டிச் சவர்க்காரத்தில் போகுமா? மூன்று தரம் கழுவிய பிறகு முப்பத்தொன்று காட்டியது. அதற்குமேல் இறங்கவில்லை. நுஹா விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார்.

"கழுத்தில போட்டிருக்கிறது என்ன அங்கிள்?"

"அந்தோனியார் சுரூபம்."

"மாயக் காப்பெண்டு இதுக்குள்ள பன்னிரண்டு புள்ளி போட்டிருக்கு. கழட்டினா குறைக்கலாம்."

வின்சன்ட் அதைப் புயலன்றைக்குக்கூடக் கழற்றாதவன். மூன்று மணித்தியாலம் ஒரு வெற்று எண்ணெய்ப் பீப்பாயைப் பிடித்தபடி மிதந்தபோது அதைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தவன். சுவரைப் பார்த்தபடி அதைக் கழற்றி என் கையில் வைத்தான். பத்தொன்பது. நான் பெருமூச்சு விட்டேன்.

"கடைசிக் கேள்வி. வேற ஏதும் விசேட ஆற்றல் இருக்கோ?"

மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தேன். பிரயோசனமில்லை. பொய் சொல்லத் தெரியாத பிறவி.

"தண்ணியின்ர நிறத்தைப் பாத்துச் சூடை மீன் எங்க நிக்குதெண்டு சொல்லுவன், பிள்ளை."

நுஹாவின் பேனை நின்றது. வாசல் பக்கம் ஒருதரம் பார்த்தார். "நீங்கள் கதைச்சது எனக்குக் கேக்கேல்ல அங்கிள்," என்று சொல்லிவிட்டுக் கோடு கீறினார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கவேண்டும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்தேன்.

மிஞ்சியது பிணைப்பு விசாரணை. விண்ணப்பதாரிக்கு ஒருவருமில்லை, தாங்கள் அவருக்கு இனி எந்த உதவியும் செய்யப்போவதில்லை என்று குறைந்தது ஐந்து சாட்சிகள் நேரில் வந்து சொல்ல வேண்டும். பிழை இங்கேதான் நடந்தது. செய்தவன் நான். கந்தோர் ஐந்து கேட்டால் பத்துக் கொடுக்க வேண்டும், மூன்று தொலையும், இரண்டைச் செல்லாது என்பார்கள், ஐந்து மிஞ்சும் என்பது என் முப்பத்தொரு வருட அனுபவம். ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்று, பத்துப் பேர் தேவை என்று சொன்னேன்.

முதலில் ஆட்கள் ஏசினார்கள். வின்சன்டுக்கு உதவமாட்டோம் என்று எப்படி வாயால் சொல்வது என்று பெண்கள் காதைப் பொத்தினார்கள். சொன்னால்தான் அவனுக்குப் படகு கிடைக்கும் என்று விளக்கியதும் எல்லாம் தலைகீழாக மாறியது. தன்னை விட்டுவிட்டுப் போனால் சாகும்வரை மறக்கமாட்டேன் என்று ஒவ்வொருவரும் நின்றார்கள். நாற்பத்து மூன்று பேர். மூன்று வான் வண்டிகள் பிடிக்க வேண்டியதாயிற்று.

தவக்காலம் என்பதால் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடக ஒத்திகை கோவில் வளவில் நடந்துகொண்டிருந்தது. வருடா வருடம் யூதாசாக நடிக்கிற றொட்னி அதை நிறுத்திவிட்டு எங்களுக்கு வெறுப்புப் பழக்கினான். "முகத்தைச் சுளிச்சுச் சொல்லுங்கோ! அவன் ஆரெண்டே தெரியாது எண்டு நெஞ்சால சொல்லுங்கோ!" என்று கத்தினான். இயேசுவைத் தெரியாதென்று சீடர் இராயப்பர் மூன்று தரம் மறுதலித்தாராம். எங்கள் ஆட்களுக்கு ஒருதரம் ஒழுங்காக வரவில்லை. ஒரு மனிசி, "வின்சன்ட் எனக்கு ஆருமில்லை" என்று சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள்.

விசாரணை நாளன்று மன்னார்க் கந்தோர் மண்டபத்தில் பணிப்பாளர் நடுக் கதிரையில் இருந்தார். பக்கத்தில் நுஹா புள்ளி எழுதினார். முதலில் றொட்னி.

"வின்சன்டோ? ஆர் அவன்? அந்த மனுசனை நான் அறியேன்!" மண்டபம் அதிர்ந்தது.

"இங்கே எப்படி வந்தீர்கள்?"

"வானில."

"விண்ணப்பதாரி?"

"அவனும் அதுக்குள்ளதான். கடலில ஒண்டும் செய்யாது சேர், வானில ஏறினா அவனுக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும். அதுதான் யன்னல் பக்கத்தை அவனுக்கு விட்டனான்."

"ஏழு," என்றார் பணிப்பாளர்.

அடுத்தது வின்சன்டின் மனைவியின் தமக்கை றஞ்சிதம். அவன் விக்கிச் செத்தாலும் ஒரு சொட்டுத் தண்ணி கொடுக்கமாட்டேன் என்று பாடமாக்கிய வசனத்தைப் பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் வின்சன்டுக்கு இருமல் வந்தது. வசனத்தை நிறுத்தாமலே பையிலிருந்து போத்தலை எடுத்து அவனிடம் நீட்டினாள். ஒன்பது புள்ளி. மத்தியானம் எல்லோருக்கும் சோத்துப் பார்சல் பிரித்தோம். பணிப்பாளருக்கும் ஒன்று கொடுத்தோம். சூடைப் பொரியல் நன்றாயிருக்கிறது என்று சொல்லி, இரண்டாம் தரம் கேட்டு வாங்கி, கையைக் கழுவிவிட்டு வந்து, "கூட்டுணவு, பதினைந்து" என்று எழுதச் சொன்னார்.

என் நம்பிக்கை முழுக்க மாக்கிறட்டில் இருந்தது. வின்சன்ட் வளவின் மற்றப் பக்கத்துக்காரி. வேலி ஒரு முழம் தள்ளிப்போன விசயத்தில் பதினொரு வருடமாக அவனோடு பேச்சில்லை. பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில்கூட மறுபக்கம் திரும்பிவிடுவாள். பழக்காமலே உண்மை பேசக்கூடிய ஒரே சாட்சி.

"இந்த மனுசனோட எனக்கு ஒரு கொண்டாட்டமும் இல்லை," என்றாள். "என்ர வேலியை அரக்கின கள்ளன். பதினொரு வருசமா முகத்தில முழிக்கிறேல்ல. இனியும் முழிக்கமாட்டன்."

பணிப்பாளர் முதற்தடவையாகத் தலையாட்டினார். நுஹாவின் முகம் தெளிந்தது. பூச்சியம் எழுதப்போனார்.

"மிக நல்லது. அப்படியானால் அம்மா, உங்கள் வேலை வெட்டியை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள்?"

மாக்கிறட்டுக்குக் கேள்வி விளங்கவில்லை. இதென்ன கேள்வி என்பது போல அவரைப் பார்த்தாள்.

"அவனுக்குப் படகு கிடைக்கோணும் எண்டுதான்."

வின்சன்ட் தலையைக் குனிந்துகொண்டான். பணிப்பாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

"எதிரியின் நல்லெண்ணம்! ஒசாமுவுக்குக்கூட இது இறுதிப் பாகத்தில்தான் கிடைத்தது. முப்பது போடுங்கள்."

யசிந்தாவால் பொறுக்க முடியவில்லை. "சேர், நீங்கள் கதையைத் தலைகீழா விளங்கி வச்சிருக்கிறியள். கெண்டாரோ அவ்வளவு சக்தியை வச்சுக்கொண்டு கடைசியில என்ன செய்தவன்? கதைக்க ஒரு ஆளில்லாமல் அழுதவன். ஒசாமு வெண்டது ஏனெண்டா, அவன் விழ விழ அவன்ர ஆக்கள் தூக்கினவை. சிநேகிதர் இருக்கிறவனுக்குத்தான் சேர் அந்த உலகம் எல்லாத்தையும் குடுக்கிறது. நீங்கள் அதுக்காக அவனிட்ட இருந்து பறிக்கிறியள்."

பணிப்பாளர் கோபிக்கவில்லை. அவர் கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பிள்ளை, நீங்கள் இரசிகை. நான் நிருவாகி. இரசிகருக்குப் பிணைப்பு ஒரு பலம். நிருவாகத்துக்குப் பிணைப்பு ஒரு மிச்சம். மக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இடத்தில் நாம் எதற்காகப் பார்க்க வேண்டும்? உண்மையைச் சொன்னால், நாடு முழுவதும் உங்கள் ஊர் மாதிரி இருந்துவிட்டால் எமது அதிகாரசபை ஒன்றுமே செய்யத் தேவையில்லை. சம்பளம் மட்டும் எடுக்கலாம்."

முடிவு பதினாறு நாளில் தபாலில் வந்தது. வின்சன்டின் பிணைப்பு இருநூற்றுப் பதினேழு. அதில் நான்கு, பளிங்குப் பரிசோதனையின்போது உத்தியோகத்தர் ஒருவரின் காது கேளாமற்போனமைக்காக. குதிரையாகப் பிறந்த ஒசாமுவை இரு மடங்குக்கு மேல் வென்றதால், அவன் பயனாளிகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு உசாத்துணைப் பாத்திரமாகத் தரமுயர்த்தப்படுவதாகக் கடிதம் வாழ்த்தியது. இனி மற்ற ஊர்களில் விண்ணப்பிக்கிறவர்களை வின்சன்டோடு ஒப்பிடுவார்கள். திரையில் கெண்டாரோவுக்குப் பக்கத்தில் போட ஒரு படம் வேண்டுமாம், கடவுச்சீட்டு அளவில், இரண்டு பிரதி.

படகு, நகரத்தில் ஏற்கனவே மூன்று படகு வைத்திருக்கிற ஒரு முதலாளிக்குப் போனது. காற்சட்டைப் பையிலிருந்து எடுத்த காய்ந்த கை பளிங்கில் ஒன்றுதான் காட்டியதாம். அவருக்காகச் சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை, ஆகவே பிணைப்பு பூச்சியம். சாட்சி வராததே சாட்சி என்று பணிப்பாளர் ஏற்றுக்கொண்டார். மேன்முறையீட்டுக்கு நான் ஆறு பக்கம் எழுதினேன். அறுபத்திரண்டு பேர் ஒப்பமிட்டார்கள். ஒப்பத்துக்கு ஒன்று வீதம் அறுபத்திரண்டு புள்ளி கூடியிருப்பதாகப் பதில் வந்தது.

பதில் வந்த அன்று பின்னேரம் வின்சன்ட் என் படலையடியில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அண்ணை, வாற மாசம் அந்த முதலாளியின்ர புதுப் படகில ஏறுறன்."

"கூலிக்கோ?"

"ஓம்."

"நான்தான் உன்னைக் கெடுத்துப்போட்டன், வின்சன்ட். அஞ்சு பேரோட போயிருக்கலாம்."

"அஞ்சு பேரை மட்டும் எப்பிடி அண்ணை தெரிஞ்செடுக்கிறது? மிச்ச ஆக்கள் கோவிச்சிருப்பினம்." அவன் அதைச் சீரியஸாகவே சொன்னான். எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. யாரில் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அதே கிழமை இரண்டாம் கட்டம் அறிவித்தார்கள். புயலில் கூரை போன வீடுகளுக்குத் தகரம். மாக்கிறட் விண்ணப்பித்தாள், றொட்னி விண்ணப்பித்தான். என் வீட்டின் பின்பக்கமும் ஐந்து மாதமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, நானும் விண்ணப்பித்தேன். இம்முறை எல்லோருக்கும் விதிமுறை தெரியும். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் கறி கொடுத்தனுப்புவதை நிறுத்தினோம். வழியில் கண்டால் பேசாமல் போனோம். பேசினால் மற்றவருக்குப் புள்ளி கூடிவிடுமே என்ற பயம். நாங்கள் ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான் என்றாகிவிட்டது.

வின்சன்ட் கூலிக்கு ஏறிய காலை, புதுப் படகு மணலில் புதைந்து கிடந்தது. கரையில் ஒரு படகைத் தள்ளுவதென்றால் நின்றவன் வந்தவன் எல்லோரும் தோள் கொடுப்பது எங்கள் வழக்கம், யாரும் கூப்பிடுவதில்லை. அன்று பனையடியில் அதிகாரசபை ஜீப் நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பணிப்பாளர் உள்ளே இருந்தார். நுஹா கொப்பியும் பேனையுமாக வெளியே நின்றார். எங்களைப் பார்க்காமல் இருக்க மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வின்சன்டும் இன்னொரு கூலிக்காரனும் படகின் பின்பக்கத்தில் தோளை வைத்துத் தள்ளினார்கள். படகு அசையவில்லை. வின்சன்ட் நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தான். கூப்பிடவில்லை. பார்த்தான், அவ்வளவுதான். பிறகு அவனுக்கே விளங்கிவிட்டது போலும், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, எங்களை யாரென்றே தெரியாதவன் மாதிரி, மறுபடியும் குனிந்து தள்ளத் தொடங்கினான். நாங்கள் இருபது பேருக்குமேல் நின்றோம். மாக்கிறட் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நானும் நின்றேன். எனக்கு விசாரணை புதன்கிழமை.